மஞ்சள் ஒட்டாத அட்டை

ஜூலை 19, சனி

இந்த நோட்டு அட்டைச் சோதனைகளுக்கு மட்டும். எந்த அட்டை, என்ன கனம், எப்படி மடிந்தது, எப்படிக் கெட்டது என்று எழுதி வைக்கப் போகிறேன். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளியில் கைவேலை டீச்சர் நான். "செய்து பார்த்ததை எழுதி வை" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை தேய்ந்தவள், தனக்கென்று ஒரு நோட்டுப் போடாமல் இருப்பது நியாயமில்லை.

செய்ய வேண்டியது நாற்பது கல்யாணப் பத்திரிகை. திறந்தால் உள்ளே மருதமலைப் படிகள் எழுந்து நிற்க வேண்டும். உச்சியில் விரல் நகம் அளவுக்கு ஒரு கோபுரம். வாசகம் முழுக்க என் கையெழுத்து. ஆவணி முதல் தேதி கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். இன்று ஆடி மூன்று. நாள் இருக்கிறது.

கல்யாணம் எனக்கு. கோகிலவாணி, வயது நாற்பத்தேழு, கணவர் தங்கராசு இறந்து ஒன்பது வருடம். மாப்பிள்ளை வெள்ளிங்கிரி, ஐம்பத்திரண்டு, கால்நடை மருந்தகத்தில் வேலை, இதுவரை கல்யாணம் செய்துகொள்ளாதவர். எழுதினால் மொத்தமே இரண்டு வரிதான். வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது.

பத்திரிகையின் கடைசியில் "அன்புடன் அழைக்கும்" என்று ஒரு வரி வரும். அதன் கீழே ஒரு பெயர் வேண்டும். எனக்கு அப்பா அம்மா இல்லை. என் மகள் நவீனாவின் பெயரைப் போட வேண்டும் என்று ஆசை. அவள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். "பண்ணிக்கோம்மா. நான் வரல. என் பேரையும் போடாத" என்று போனில் சொல்லிவிட்டாள். அவள் அப்பாவைப் போலவே பிடிவாதம். அதனால் அந்த வரிக்குக் கீழே இடம் விட்டு எழுதப் போகிறேன். இது அட்டை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. எவ்வளவு இடம் விடுவது என்பது மட்டும்தான் சம்பந்தப்பட்டது. ஒன்றரை அங்குலம்.

ஜூலை 20, ஞாயிறு

வீட்டில் கிடந்த அட்டைகளை வைத்து முதல் சோதனை.

அட்டையின் கனத்தை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் அட்டை எத்தனை கிராம் எடை என்பது கணக்கு. நோட்டுத்தாள் அறுபது, எழுபது இருக்கும். விசிட்டிங் கார்டு முந்நூறு. என் படிகளுக்கு வேண்டியது நடுவில் எங்கோ இருக்கிறது.

120: படிகள் எழுந்தன. கோபுரமும் எழுந்தது, ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

170: கோபுரம் நின்றது. பத்து முறை திறந்து மூடியதும் படிகளுக்கு முட்டி வலி வந்துவிட்டது. பத்திரிகையை யார் பத்து முறை திறக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். நான் திறப்பேன்.

ஜூலை 22, செவ்வாய்

பள்ளி விட்டதும் காஜா பாய் கடைக்குப் போனேன். ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆள் ஒருக்களித்து நுழைகிற கடை. அட்டை வாங்க இருபது வருடமாக அங்கேதான் போகிறேன்.

"வாங்க டீச்சரம்மா, இந்தத் தடவ எந்தக் கிளாசுக்கு?"

"கிளாசுக்கு இல்ல பாய். கல்யாணப் பத்திரிகை. கையால செய்யறேன்."

"மாஷா அல்லா! பாப்பாவுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சா? நேத்துத்தான் உங்க கையப் புடிச்சுக்கிட்டு வந்து கலர் பேப்பர் கேட்ட மாதிரி இருக்கு."

அவரைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. "நல்ல அட்டையாக் காட்டுங்க" என்றேன். உள்ளே போய் ஒன்பது வகை எடுத்து வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கிழித்துப் பின்னால் பெயர் எழுதிக் கொடுத்தார். கல்யாணப் பெண்ணுக்கு என் சலாம் சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டேன், கண்ணாடியில்.

ஜூலை 24, வியாழன்

350 பளபளப்பு: மடித்த இடத்தில் வெடித்தது. முதுகில் வெள்ளைக் கோடு. கனமான அட்டையென்றால் முதலில் மடிப்புக்கோடு கீறிக்கொள்ள வேண்டும். தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா அதற்கு நல்லது. கீறியும் வெடித்தது.

300 ஐவரி: இதுவும் வெடித்தது. அப்புறம்தான் தெரிந்தது, தப்பு என்னுடையது. அட்டைக்கு இழை உண்டு. இழை ஓடுகிற பக்கமாக மடித்தால் பணியும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். மடிக்கும் முன் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் விறைப்பில்லாமல் வளைகிறதோ அதுதான் இழை. நான் மூன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். நானே மறந்து குறுக்கே மடித்திருக்கிறேன். மனசு அட்டையில் இல்லை.

கைத்தாள்: பார்க்க அழகு. பேனாவை வைத்ததும் மை ஊறி, கோகிலவாணி என்ற பெயர் கம்பளிப்பூச்சி ஆனது.

ஜூலை 26, சனி

வெள்ளிங்கிரி வந்தார். பள்ளிக்கூடத்துத் தெருநாய்களுக்கு ஊசி போட வந்தபோது பழக்கமானவர். நான் கண்காட்சிக்குச் செய்து வைத்திருந்த காகிதப் பசுவைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "காது எடம் மாறியிருக்குதுங்க, கொம்புக்குக் கீழ வரோணும்" என்றார். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சமில்லை. வீட்டுக்கு வந்து காதைப் பிரித்துக் கீழே ஒட்டினேன். அவர் சொன்னது சரிதான்.

இன்று நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பது துண்டையும் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார். 250 முத்து அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது சொன்ன பேச்சுக் கேக்குதுங்க டீச்சர்" என்றார். கல்யாணம் நிச்சயமான பிறகும் டீச்சர்தான். நானும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று ஒரு கூச்சம்.

முத்து அட்டை நல்ல அட்டை. மேலே மெல்லிய மினுமினுப்பு. இழையோடு மடித்தால் நூல் பிடித்த மாதிரி மடிகிறது. படிகள் நின்றன, கோபுரம் நின்றது. ஜெல் பேனா மை உட்கார்ந்தது. காய மட்டும் இரண்டு நிமிடம் ஆகிறது.

இந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். நான் போட்டிருந்த கட்டங்களை விரலால் தொட்டு வாசித்தார். மடிப்பு, நிற்பது, மை, பசை, உறைக்குள் நுழைவது.

"மஞ்ச வெச்சுப் பாக்கலீங்களா?"

"அது கடைசியில்" என்றேன்.

"செரிங்க" என்றார். அவர் துருவிக் கேட்கிற ரகம் இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

இன்று அட்டை வேலை எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பள்ளி ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் தன் மகன் கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவந்திருந்தார். ஆவணி பிறந்ததும் கொடுக்க வேண்டுமாம். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார்கள். ஒரு கிண்ணம் கையிலிருந்து கைக்குப் போயிற்று. என் முறை வந்ததும் கிண்ணம் என்னைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விட்டது. "கோகிலா, நீங்க கவர் ஒட்டிக் குடுங்க, ஒட்டறதுல உங்கள யாரு மிஞ்சறது" என்றார் கணக்கு டீச்சர். நல்ல மனுஷி. என் கல்யாணத்தைக் கேட்டுக் கட்டிப் பிடித்து அழுதவரும் அவர்தான். கை தன் பாட்டில் பழகிய வழியில் போயிருக்கிறது.

முந்நூறு கவர் ஒட்டினேன். ஒன்றுகூடக் கோணவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நவீனா போன் எடுக்கவில்லை. முத்து அட்டையைப் பசை போட்டு வெயிலில் வைத்தேன், வளையவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. முத்து அட்டையே என்று முடிவு செய்து நேற்று பாய் கடையிலிருந்து முழு ஷீட்டுகளாக வாங்கி வந்தேன். இன்று காலையிலிருந்து வெட்டினேன். ஒரு பத்திரிகைக்குப் பதினாறு கீறல். கட்டர் கத்தியை எட்டுப் பத்திரிகைக்கு ஒரு முறை முனை ஒடித்துப் புதிதாக்க வேண்டும். மழுங்கிய முனை அட்டையை வெட்டாது, பிய்க்கும்.

பக்கத்து வீட்டிலிருந்து தேங்காய்ச் சாதமும் புளிச் சாதமும் வந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். மாலைக்குள் இருபத்தாறு.

நவீனா குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். "ஆடிப்பெருக்கு வாழ்த்துகள்." நல்ல தமிழில், பிழையில்லாமல். சண்டை இருந்தால்தான் அவளுக்குப் பிழையில்லாமல் எழுத வரும். மற்ற நாளில் பாதி ஆங்கில எழுத்து.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாற்பதும் வெட்டியாயிற்று. மடித்தாயிற்று.

ஒரு விஷயத்தை முதல் பக்கத்தில் சரியாக எழுதவில்லை. பிடிவாதம் என்று அவள் தலையில் போட்டுவிட்டேன். நான் அவளிடம் எப்படிச் சொன்னேன் என்று எழுதவில்லை.

மே மாதம் ஒரு ஞாயிறு. வழக்கம்போல் போனில் பேசிக்கொண்டிருந்தோம். காஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்றேன். மோட்டார் ரிப்பேர் என்றேன். அதே மூச்சில், நானும் வெள்ளிங்கிரியும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம், மருதமலைக் கோயிலில் பேசிவிட்டோம் என்றேன். அதற்குள் பள்ளியில் நாலு பேருக்குத் தெரியும். வெள்ளிங்கிரியின் அக்காவுக்குத் தெரியும். பால்காரருக்குக்கூட ஏதோ தெரியும். நவீனாவுக்குத்தான் கடைசி.

அவளிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ ஞாயிறு நினைத்தேன். அவள் குரலைக் கேட்டதும் வாய் சிலிண்டருக்குப் போய்விடும். அன்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம் "மோட்டாருக்கு ஆள் வந்தாச்சா?" என்று கேட்டாள். அதற்கு நான் பதிலும் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

எழுதி முடித்தேன். நாற்பது பத்திரிகை, ஒரே கையெழுத்து, "அன்புடன் அழைக்கும்" வரைக்கும். அதற்குக் கீழே வெற்றிடம். மேஜையில் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே இடத்தில் பேச்சை நிறுத்திக்கொண்ட மாதிரி இருக்கின்றன.

வெள்ளிங்கிரி தன் அக்கா பெயரைப் போடலாம் என்றார். "அவுங்க சந்தோசமா ஒத்துக்குவாங்க." நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். "இல்லீன்னா எடம் அப்படியே இருக்கட்டுங்க. வரோணும்கறவங்க வருவாங்க" என்றார். இந்த மனிதரை இன்னும் பத்து வருடம் முன்னால் பார்த்திருந்தால் என்று நினைக்க எனக்கு உரிமை இல்லை. அப்போது தங்கராசு இருந்தார், நன்றாகவே இருந்தோம்.

ஞாயிறு ஓசூர் போகிறேன். ஊருக்கெல்லாம் தட்டு எடுத்துக்கொண்டு நேரில் போய் அழைக்கப் போகிறோம். மகளுக்கு மட்டும் போனில், சிலிண்டரோடு சேர்த்தா? முதல் பத்திரிகை அவளுக்கு. ஆடியில் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் ஊருக்கு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கெட்டது.

சாயங்காலம் வெள்ளிங்கிரி வந்தபோது மஞ்சளைக் குழைத்துவைக்கச் சொன்னேன். ஒரு பத்திரிகையை நீட்டினேன்.

"நீங்க வெய்யுங்க டீச்சர். உங்க கை வேலையாச்சே."

"என் கையில் பசை. நீங்களே வையுங்க."

கையில் பசை இல்லை.

மாட்டுக்குப் புண்ணில் மருந்து வைக்கிற கை அவருடையது. தாராளமாக வைத்தார். முத்து அட்டையின் மினுமினுப்பில் மஞ்சள் ஒரு நொடி நின்றது. பிறகு முத்து முத்தாகத் திரண்டு வழிந்து முகூர்த்த நேரத்தின் மேல் ஓடியது. அடுத்ததில் கெட்டியாகக் குழைத்து வைத்தார். காய்ந்ததும் பொருக்காக எழும்பி, ஊதினால் பறந்தது. மூன்றாவதில் உப்புத்தாள் போட்டு மூலையைத் தேய்த்தார். மினுமினுப்பு போய் அழுக்கானது. மூன்று பத்திரிகை போயிற்று. மிச்சத்தைத் தொட வேண்டாம் என்றேன்.

கடை, பாய், அட்டை, கம்பெனி என்று எல்லாரையும் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "எல்லாம் சோதிச்சீங்க. இத மட்டும் ஏனுங்க வெச்சுப் பாக்கல?" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். காபி போடுகிறேன் என்று எழுந்து போனேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஓசூர். காலை ஐந்து மணி பஸ், சேலத்தில் ஒரு மணி நேரம் நின்றது, பன்னிரண்டரைக்கு இறங்கினேன். பையில் தட்டு, வெற்றிலை பாக்கு, ஆறு வாழைப்பழம், மஞ்சள் இல்லாத ஒரு பத்திரிகை.

மகளிர் விடுதியில் வரவேற்பு அறை என்று ஒரு அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வாட்டர் கேன். நவீனா ஈரத் தலையோடு இறங்கி வந்தாள். இளைத்திருக்கிறாள், அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது. "சொல்லாம வந்திருக்க?" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் பையிலிருந்து தட்டை எடுத்தேன். வெற்றிலையை அடுக்கினேன், பழத்தை வைத்தேன், மேலே பத்திரிகை. எழுந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினேன்.

"எனக்குக் கல்யாணம் வெச்சிருக்குது கண்ணு. நீ அவசியம் வரோணும்."

வாட்டர் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண் பாட்டிலை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

நவீனா தட்டை வாங்கவில்லை. பத்திரிகையை மட்டும் எடுத்தாள். திறந்தாள். படிகள் எழுந்தன. மூடினாள், திரும்பத் திறந்தாள். கோபுரத்தை விரலால் தொட்டாள். பிறகு மூலைகளைப் பார்த்தாள்.

"என்னம்மா, மஞ்சளே இல்ல. கருமாதிப் பத்திரிகையாட்ட இருக்குது."

"இந்த அட்டைல ஒட்டலடா."

"நீ டெஸ்ட் பண்ணிப் பாக்கலையா? மாவுக் கவரையே மோந்து பாத்து, இழுத்துப் பாத்து வாங்கறவ நீ."

"மத்ததெல்லாம் பாத்தேன். மஞ்ச மட்டும் பாக்கல."

"ஏன்?"

வெள்ளிங்கிரியிடமென்றால் காபி போட எழுந்து போகலாம். இங்கே போக இடமில்லை. "தொட்டு ஒம்பது வருசம் ஆச்சு சாமி. கை போக மாட்டேங்குது" என்றேன்.

"வீட்ல கொழம்புக்குப் போடறியே!"

"ஸ்பூன்ல போடறேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். அவள் அப்பா போனபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. எத்தனை குழம்பு என் கையால் சாப்பிட்டிருப்பாள்! "நான் கவனிச்சதே இல்லம்மா" என்றாள். கவனிக்காமல் இருக்கத்தான் ஸ்பூன் என்று சொன்னேன்.  அவள் தட்டை வாங்கி நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு அவளே பேசினாள். "எனக்கு அவரு மேல கோவமில்ல. அப்பாவ மறந்துட்டன்னும் கோவமில்ல. சிலிண்டர் வந்துருச்சுன்னு சொன்ன, மோட்டார் ரிப்பேருன்னு சொன்ன, அடுத்து இதச் சொன்ன. எல்லாம் முடிவாயிருச்சுன்னு சொன்ன. என்னையக் கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லீருவியோன்னு பயந்துட்டேன்."

"சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் அழுதிருப்பேன். அப்புறம் செரின்னு சொல்லியிருப்பேன். அந்த ரெண்டு நாள நீ எனக்குக் குடுக்கவே இல்ல."

 தப்புத்தான் என்றேன். அவளிடம் அந்தச் சொல்லை இதற்கு முன் சொன்ன ஞாபகம் இல்லை.

வரேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். "அழைக்கும்"க்குக் கீழே ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கவில்லை. பத்திரிகையை வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை ஆறரை. சமையலறை மேடை. காஜா பாய் கொடுத்த ஒன்பது துண்டுகளில் மிச்சமிருந்ததை வரிசையாக வைத்தேன். மஞ்சளைக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விட்டு விரலால் குழைத்தேன். ஸ்பூன் பக்கத்திலேயே இருந்தது.

முத்து அட்டை: ஒட்டவில்லை. தெரிந்ததுதான்.

350 பளபளப்பு: ஒட்டவில்லை.

கைத்தாள்: குடித்துவிட்டு மூலை சுருண்டது.

300 ஐவரி: ஒட்டியது. ஆனால் பின்பக்கம் வரை ஊறி நெளிந்தது.

250 மேட், பூச்சில்லாதது, லேசான தந்த நிறம்: வைத்ததும் உட்கார்ந்தது. பரவவில்லை, வழியவில்லை. காய்ந்த பிறகு தேய்த்தேன், போகவில்லை. மூன்று வாரமாக மேஜையில் என் கண் முன்னாலேயே கிடந்த அட்டை. பார்வைக்குச் சாதாரணமாக இருக்கிறது என்று இரண்டாவது முறை திரும்பிப் பார்க்காமல் விட்டிருந்தேன்.

சோதனைக்குத் தேவையானதைவிட அதிகமாகவே மஞ்சள் வைத்தேன். மூலைகள் தீர்ந்து நடுவிலும் வைத்தேன். கொஞ்சம் அழுதேன். பிறகு சோறு வைத்தேன்.

நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை. அப்படியே பள்ளிக்குப் போனேன். கணக்கு டீச்சர் பார்த்தார். "நல்ல நெறமா இருக்குது" என்றார், மெதுவாக.

ஆகஸ்ட் 13, புதன்

மேட் அட்டை வாங்கியாயிற்று. நாற்பதும் முதலிலிருந்து. வெள்ளிங்கிரி நான்கு நாள் விடுப்புப் போட்டிருக்கிறார். மடிப்புக்கோடு கீறும் வேலை அவருக்கு. கன்றுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி ஸ்கேலைப் பிடிக்கிறார், ஆனால் கோடு நேர்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நவீனா வந்திருக்கிறாள். மத்தியானம் ஆட்டோ சத்தம், கதவைத் திறந்தால் நிற்கிறாள். "லீவு இருந்துச்சு" என்றாள். வெள்ளிங்கிரி மடியில் அட்டைத் துண்டுகளோடு எழுந்திருக்கப் பார்த்து எல்லாவற்றையும் கீழே கொட்டினார். "வாங்க பாப்பா" என்றார். அவள் குனிந்து அவரோடு சேர்ந்து பொறுக்கினாள்.  சாயங்காலம் அவள், "நீங்க கோடு போடுங்க, நான் மடிக்கறேன்" என்றாள். இழை பார்த்து மடிக்க அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி கடைசி நாள். விடிந்ததும் உட்கார்ந்து பதினோரு மணிக்கு நாற்பதையும் எழுதி முடித்தேன். மஞ்சளைக் குழைத்துக் கிண்ணத்தை நவீனா என் முன்னால் வைத்தாள். அவளும் உட்கார்ந்தாள், வெள்ளிங்கிரியும் உட்கார்ந்தார். ஆனால் இரண்டு பேரும் கிண்ணத்தைத் தொடவில்லை. நான் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது பத்திரிகை, நூற்றறுபது மூலை, எல்லாம் நான்தான் வைத்தேன்.

மாடியில் துணி எடுக்கப் போன நவீனா போனில் பேசுகிற சத்தம் கேட்டது. "ஆமாண்டி, எங்கம்மாவுக்குத்தான். முப்பத்தொண்ணாந்தேதி, ஞாயித்துக்கெழம. மருதமலைல. லீவு கீவுன்னு சொன்னியா, கொன்னுருவேன்." கீழே வந்து, துணியை நாற்காலியில் போட்டுவிட்டு, "எனக்குப் பத்திரிகை வேணும்" என்றாள்.

"எத்தன?"

"பதினொண்ணு. ஆபீஸ்ல ஏழு, ஹாஸ்டல்ல நாலு. அந்த வாட்டர் கேன் பொண்ணு எனக்கும் குடுன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

நாற்பதுக்குக் கணக்குப் போட்டபோது அவளுக்குச் சிநேகிதிகள் இருப்பார்கள் என்றே நான் நினைக்கவில்லை. அட்டை தீர்ந்துவிட்டது. அவள் என் வண்டியை எடுத்தாள், நான் பின்னால் உட்கார்ந்தேன்.

காஜா பாய் எங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "வாம்மா வாம்மா! கல்யாணப் பொண்ணே நேர்ல வந்துருச்சு!"

நான் வாயைத் திறப்பதற்குள் நவீனா சொன்னாள்.

"பொண்ணு நான் இல்லீங்க பாய். எங்கம்மா."

பாய் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப நான் சலாம் சொன்னது சரியான ஆளுக்குத்தான் சொல்லியிருக்கேன்" என்றார். மேட் அட்டையில் நல்ல ஷீட்டுகளாகப் பார்த்து மூலை மடங்காதவற்றை எடுத்துச் சுருட்டிக் கொடுத்தார். தனக்கும் ஒரு பத்திரிகை உண்டா என்று கேட்டார். ஆக, பதினொன்று பன்னிரண்டானது.

மூன்று பேருமாக உட்கார்ந்தோம். ஐந்து மணிக்குப் புதியவற்றையும் வெட்டி மடித்தாயிற்று. நான் எழுதிக்கொண்டே வந்து, "அன்புடன் அழைக்கும்" வந்ததும் வழக்கம்போலப் பேனாவை மூடினேன்.

"ஏன் நிறுத்தற?" என்றாள் நவீனா.

"அங்க யாரு பேரப் போடறதுன்னு..." வெள்ளிங்கிரி தலை குனிந்துகொண்டு துண்டுகளைப் பொறுக்கினார்.

"கூப்பிடறது நான். வேற யாரு பேரப் போடுவ?"

பேனாவை என் கையிலிருந்து வாங்கினாள். முதல் பத்திரிகையை இழுத்து வைத்துக்கொண்டு குனிந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு வெள்ளிங்கிரியைப் பார்த்தாள்.

"இனிஷியலோட எழுதட்டுமா?"

நான் அவரைப் பார்க்கவில்லை. அவர்தான் சொன்னார். "அதில்லாம எப்படீங்க பாப்பா? எழுதுங்க."

த. நவீனா என்று எழுதினாள். என் கையெழுத்துக்குக் கீழே அவளுடையது, கொஞ்சம் சாய்ந்து. அடுத்ததை எடுத்தாள். ஐம்பத்திரண்டு பத்திரிகையிலும் தங்கராசு இருக்கிறார், அழைப்பவர் பக்கம்.

எல்லாவற்றையும் திறந்தபடி கூடம் முழுக்க மை காய வைத்திருக்கிறோம். கால் வைக்க இடமில்லாமல் மூன்று பேரும் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறோம்.